வாய்ப்புண் எல்லாம் ஒன்றல்ல: நம் வாயை நாமே பார்க்கக் கற்றுக்கொள்வோம்



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. வாய்ப்புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வருபவர்களில் அநேகர், "முதலில் சாதாரண வாய்ப்புண் என்றுதான் நினைத்தோம்" என்கிறார்கள். மாதக்கணக்கில் மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவியிருப்பார்கள். சூடு என்று சொல்லி இளநீர் குடித்திருப்பார்கள். வலி இல்லை என்பதால் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருந்திருப்பார்கள். இன்னொரு பக்கம், நாக்கின் அடிப்புறத்தில் எல்லோருக்கும் இருக்கும் இயற்கையான மேடுகளைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, புற்றுநோய் வந்துவிட்டதோ என்று தூக்கமில்லாமல் தவிப்பவர்களும் உண்டு.

இந்த இரு சாராருக்கும் தேவைப்படுவது ஒன்றுதான். வாயில் எது இயற்கை, எது தானே ஆறிவிடும், எதற்கு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்ற அடிப்படை அறிவு. நான் மருத்துவன் அல்ல. பல் மருத்துவர்கள் முகாம்களில் விளக்கியதையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் நம் குடும்பங்களுக்குப் புரியும்படி இங்கே தொகுத்துத் தருகிறேன். நோயைத் தீர்மானிப்பது மருத்துவரின் வேலை. சரியான நேரத்தில் அவரிடம் போய்ச் சேருவது நம் வேலை.

வாயின் மென்திசு

வாயில் பல்லும் தாடை எலும்பும் கடினமானவை. உதடு, கன்னத்தின் உள்புறம், ஈறு, நாக்கு, நாக்குக்குக் கீழுள்ள தரை, அண்ணம், உள்நாக்கை ஒட்டிய பகுதி ஆகியவற்றை மென்திசு என்கிறார்கள். இவற்றை மெல்லிய ஈரமான சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. இந்தச் சவ்வு வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அதனால்தான் சோற்றுச்சூட்டில் வெந்துபோன நாக்கு சில நாட்களில் சரியாகிவிடுகிறது. ஒரு புண் வாரக்கணக்கில் ஆறவில்லை என்றால் அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது என்று சொல்வதும் இதனால்தான்.

பார்ப்பது எப்படி?

ஒரு கண்ணாடி, கைபேசியின் டார்ச், சோப்புப் போட்டுக் கழுவிய கை. இவ்வளவு போதும். பல்செட் போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றிவிட வேண்டும். கீழ்க்கண்ட வரிசையில் பார்த்தால் எந்த இடமும் விடுபடாது.

1. உதடுகள்: வெளியே பார்த்துவிட்டு, மேல் உதட்டையும் கீழ் உதட்டையும் மடக்கி உள்புறம் பாருங்கள்.
2. கன்னம்: விரலால் கன்னத்தை வெளிப்பக்கம் இழுத்து, கடைவாய் வரை பாருங்கள். கன்னமும் ஈறும் சேரும் பள்ளத்தைத் தவறவிடாதீர்கள். வெற்றிலையையும் புகையிலையையும் அடக்குவது அங்கேதான்.
3. ஈறு: முன்னும் பின்னும்.
4. நாக்கு: நீட்டி மேற்பரப்பைப் பாருங்கள். பிறகு நாக்கு நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து இருபக்கமும் இழுத்து, ஓரங்களைப் பாருங்கள்.
5. நாக்கின் அடி: நாக்கைத் தூக்கி அண்ணத்தில் வைத்து, கீழே உள்ள தரையைப் பாருங்கள்.
6. அண்ணம்: தலையைப் பின்னால் சாய்த்துப் பாருங்கள்.
7. கழுத்து: தாடைக்குக் கீழும் கழுத்தின் இருபுறமும் விரலால் தடவி, கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள்.

இரண்டு நிமிட வேலைதான். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குக் குளித்த பிறகு என்று ஒரு நாளை வைத்துக்கொண்டால் மறக்காது. கண் மங்கிய முதியவர்களுக்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ பார்த்துச் சொல்ல வேண்டும்.

பயப்பட வேண்டாதவை

முதலில் இயற்கையானவற்றைத் தெரிந்துகொள்வோம்.

நாக்கின் பின்பகுதியில் எட்டு முதல் பன்னிரண்டு வரை உருண்டையான மேடுகள் ஆங்கில வி எழுத்தைப் போல வரிசையாக இருக்கும். அவை சுவை மொட்டுகள் உள்ள மேடுகள். எல்லோருக்கும் உண்டு. கன்னத்தின் உள்புறம், மேல்கடைவாய்ப்பல்லுக்கு எதிரே ஒரு சிறு முனை இருக்கும். அது காதுக்கு முன்னால் உள்ள எச்சில் சுரப்பியின் வாய்.

உதட்டிலும் கன்னத்திலும் ரவை தூவியது போல வெளிர்மஞ்சள் புள்ளிகள் பலருக்கு இருக்கும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். அண்ணத்தின் நடுவில் கல் போன்ற மேடு சிலருக்கு இருக்கும். அது எலும்பின் இயற்கையான வளர்ச்சி. பல்செட் பொருந்தாமல் இடைஞ்சல் செய்தால் மட்டுமே அதற்கு வைத்தியம் தேவைப்படும். முதியவர்களின் நாக்கடியில் நீலநிற நரம்புகள் புடைத்துத் தெரிவதும் வயதோடு வருவதுதான். நம் மக்களில் பலருக்கு ஈறு கருமையாக இருக்கும். சிறுவயது முதல் இருபுறமும் ஒரேமாதிரி இருந்தால் அது தோலின் நிறம் போன்றதே.

நாக்கில் ஆங்காங்கே சிவந்து, ஓரத்தில் வெள்ளைக் கோடு கட்டி, உலக வரைபடம் போலத் தோன்றி, சில நாட்களில் இடம் மாறிப்போகும் ஒரு நிலை உண்டு. பெயரே வரைபட நாக்கு. தொற்றாது, ஆபத்தும் இல்லை. காரம் பட்டால் சிலருக்கு எரியும், அவ்வளவுதான். பிறந்த குழந்தையின் அண்ணத்திலும் ஈறிலும் முத்துப் போன்ற வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அவை தானே மறைந்துவிடும். தேய்க்கவோ கீறவோ கூடாது.

மருத்துவர் மனதில் ஓடும் நான்கு கேள்விகள்

வாயில் வரும் நூற்றுக்கணக்கான மாற்றங்களை மருத்துவர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள்? நான்கு கேள்விகளில் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

எத்தனை நாளாக இருக்கிறது? என்ன நிறம்? என்ன வடிவம், அதாவது புண்ணா, படலமா, கொப்புளமா, கட்டியா? தொட்டால் எப்படி இருக்கிறது, அதாவது துடைத்தால் போகிறதா, மிருதுவாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா?

இவற்றில் முதல் கேள்விதான் நமக்கு மிக முக்கியம். இரண்டு வாரம் என்ற கணக்கை நினைவில் வையுங்கள். சாதாரணப் புண் அதற்குள் ஆறிவிடும். காரணம் எதுவானாலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு வாரம் தாண்டி நிற்கும் புண்ணையோ படலத்தையோ கட்டியையோ மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

1. புண்கள்

நாம் அடிக்கடி காணும் வாய்ப்புண்ணுக்கு ஆப்தஸ் புண் என்று பெயர். வட்டமாக, நடுவில் மஞ்சள் கலந்த வெண்மையும் சுற்றிலும் சிவப்பு வளையமுமாக இருக்கும். உதட்டின் உள்புறம், கன்னம், நாக்கடி போன்ற மிருதுவான இடங்களில் வரும். வலி கடுமையாக இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவானவை ஏழு முதல் பதினான்கு நாட்களில் தழும்பில்லாமல் ஆறும். அதைவிடப் பெரியவை ஆற ஆறு வாரம்கூட ஆகலாம், தழும்பும் விழலாம். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. பல்லில் கடிபடுவது, மனக்கவலை, குடும்பவாகு, இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றின் குறைவு போன்றவை இதைத் தூண்டும். மாதாமாதம் புண் வருகிறது என்பவர்கள், குறிப்பாக சோர்வும் மூச்சிரைப்பும் உள்ள பெண்கள், இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மணத்தக்காளிக் கீரை சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் இரத்தசோகைக்கு அது மட்டும் வைத்தியமாகாது.

வாயில் அடிக்கடி புண் வருவதோடு மறைவிடத்திலும் புண் வந்து, கண்ணும் சிவந்து வலித்தால் அது பெசெட் நோயாக இருக்கலாம். துருக்கியைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஹுலூசி பெசெட் 1937-ல் விவரித்ததால் அவர் பெயரால் வழங்கப்படுகிறது. துருக்கி முதல் ஜப்பான் வரை, பழைய பட்டுப்பாதை நாடுகளில் அதிகம் காணப்படுவது. கவனிக்காமல் விட்டால் பார்வை போகலாம். மறைவிடப் புண்ணை வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கூரான பல்லோ, உடைந்த பல்லோ, பல்செட்டின் ஓரமோ உராய்ந்து வருவது காயப்புண். காரணத்தை நீக்கினால் இரண்டு வாரத்தில் ஆற வேண்டும். பல்லைத் தேய்த்துச் சரிசெய்த பிறகும் ஆறவில்லை என்றால், "பல் குத்தியதுதான் காரணம்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இருக்கக் கூடாது.

சிறு குழந்தைக்குக் காய்ச்சலோடு ஈறு வீங்கிச் சிவந்து, வாயெல்லாம் சிறு கொப்புளங்களாகி உடைந்து புண்ணானால், அது பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸின் வேலை. அதே வைரஸ் உடலில் தங்கி, பிற்காலத்தில் காய்ச்சல் வரும்போது உதட்டோரம் கொப்புளமாக வரும். அந்த நாட்களில் குழந்தைகளை முத்தமிடுவதைத் தவிர்க்க வேண்டும். வாயோடு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளம் வந்தால் அது கை, கால், வாய் நோய். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிடும். இரண்டிலும் குழந்தை தண்ணீர் குடிக்காமல் வாடிப்போவதுதான் பெரிய ஆபத்து. சிறுநீர் குறைந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பெரியவர்களுக்கு வாயில் கொப்புளங்கள் கிளம்பி, உடைந்து, தோல் உரிந்து, மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தால் பெம்ஃபிகஸ் என்ற நோயாக இருக்கலாம். உடம்பில் கொப்புளம் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே வாயில் தொடங்கிவிடும். அரிதான நோய், ஆனால் தோல் மருத்துவரின் சிகிச்சை கட்டாயம் தேவை.

2. வெள்ளைப் படலங்கள்

இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தால் போகிறதா என்பது.

துடைத்தால் தயிர்த்துண்டு போல வந்து, அடியில் சிவந்திருந்தால் அது கேண்டிடா என்ற பூஞ்சை. கைக்குழந்தைகளுக்கு வருவதைச் சில ஊர்களில் அச்சரம் என்பார்கள். பெரியவர்களுக்குக் காரணமில்லாமல் வந்தால் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுப்பவர்கள், ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பினால் இதைப் பெருமளவு தடுக்கலாம்.

துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலத்தை, வேறு எந்த நோயென்றும் சொல்ல முடியாதபோது, லுகோபிளேக்கியா என்கிறார்கள். புகைப்பவர்களுக்கும் புகையிலை மெல்பவர்களுக்கும் அதிகம் வரும். வலி இருக்காது. எல்லா வெண்படலமும் புற்றுநோயாக மாறுவதில்லை. ஒரு பகுதிதான் மாறுகிறது. எது மாறும் என்பதைக் கண்ணால் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் சிறிது சதை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். வெள்ளையின் நடுவே சிவப்புத் திட்டுகள் கலந்திருந்தால் ஆபத்து கூடுதல்.

இரண்டு கன்னங்களிலும் வலை பின்னியது போல மெல்லிய வெள்ளைக் கோடுகள் இருந்தால் அது லைக்கன் பிளேனஸ். நடுத்தர வயதுப் பெண்களிடம் அதிகம். கோடுகளாக மட்டும் இருந்தால் தொந்தரவு இருக்காது. சிவந்து தோல் உரிந்தால் காரம் வாயில் வைக்க முடியாது. மிகச் சிலருக்கு இது புற்றுநோயாக மாறக்கூடும் என்பதால் எரிச்சல் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் காட்ட வேண்டும்.

3. சிவப்புப் படலங்கள்

மேல் பல்செட்டை இரவிலும் கழற்றாமல் இருப்பவர்களுக்கு, செட் மூடும் இடம் முழுதும் அதே அச்சில் சிவந்திருக்கும். பெரும்பாலும் பூஞ்சைதான் காரணம். இரவில் கழற்றித் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டுவைத்தாலே பாதி குணமாகும். வாயின் இரு ஓரமும் வெடித்துச் சிவப்பதற்குப் பூஞ்சை, சத்துக்குறைவு, தேய்ந்துபோன பழைய பல்செட் ஆகியவை காரணமாகலாம்.

காரணம் தெரியாமல், வெல்வெட் துணி போலப் பளிச்சென்ற சிவப்புத் திட்டு இருந்தால் அதற்கு எரித்ரோபிளேக்கியா என்று பெயர். வெள்ளையைவிட இது அரிது. ஆனால் வெள்ளையைவிட இதுவே ஆபத்தானது. பரிசோதனை செய்யும்போது இவற்றில் பெரும்பான்மை புற்றுநோயாகவோ அதற்கு மிக அருகிலோ இருப்பதாகத் தெரியவருகிறது. வலிக்காத சிவப்புத் திட்டுக்கு இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

4. கறுப்பும் நீலமும்

வெள்ளி அடைத்த பல்லுக்குப் பக்கத்து ஈறில் சாம்பல்நிறக் கறை தெரிந்தால், அது அடைப்புப் பொருளின் துகள் படிந்ததாக இருக்கும். தீங்கில்லை. புகைப்பவர்களின் முன்ஈறும் கறுக்கும். ஆனால் புதிதாகத் தோன்றிய, ஓரம் ஒழுங்கில்லாத, வளர்ந்துகொண்டே போகும் கறுப்புப் புள்ளி, முக்கியமாக அண்ணத்திலோ மேல் ஈறிலோ இருந்தால், மெலனோமா என்ற கொடிய புற்றுநோயா என்று பார்த்தாக வேண்டும். வாய் முழுவதும் புதிதாகக் கறுத்து, உடல் மெலிந்து, தலைசுற்றல் இருந்தால், அட்ரினல் சுரப்பி வேலை செய்யாத அடிசன் நோயாகவும் இருக்கலாம்.

5. கட்டிகளும் தடிப்புகளும்

கன்னத்தில் பல் கடிபடும் இடத்தில், வழவழப்பாக, ஈறின் நிறத்திலேயே இருக்கும் சிறு உருண்டை பெரும்பாலும் ஃபைப்ரோமா என்ற நார்க்கட்டி. கீழ் உதட்டைக் கடித்த சில நாட்களில் வரும் நீலம் கலந்த நீர்க்குமிழ் மியூகோசீல். எச்சில் சுரப்பியின் குழாய் அறுந்து எச்சில் தேங்குவதால் வருவது. ஊசியால் குத்தினால் வற்றி, மறுபடி நிரம்பும். இதுவே நாக்கடியில் பெரிதாக வந்தால் ரானுலா. தவளையின் தொண்டைப் பை போல உப்பியிருப்பதால், லத்தீனில் தவளையைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது. இரண்டையும் சிறிய அறுவையில் நீக்கிவிடலாம்.

கருவுற்ற பெண்களுக்குப் பல்லிடுக்கில் சிவந்த சதை வளர்ந்து, தொட்டாலே இரத்தம் வரும். ஹார்மோன் மாற்றமும் பல்லழுக்கும் சேர்ந்து செய்வது. பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் சுருங்கிவிடும். கர்ப்ப காலத்திலும் பல் சுத்தம் செய்துகொள்ளலாம், பயம் வேண்டாம். பல்லின் வேருக்கு நேரே ஈறில் பரு போல வந்து சீழ் கசிந்தால், அந்தப் பல்லின் வேர் அழுகியிருக்கிறது என்று பொருள்.

வலிப்புக்கு ஃபெனிட்டாயின், இரத்த அழுத்தத்துக்கு நிஃபெடிபின், அம்லோடிபின், சிறுநீரக மாற்றுக்குப் பின் சைக்ளோஸ்போரின் சாப்பிடுபவர்களுக்கு ஈறு தடித்துப் பல்லை மூடலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். மருந்து ஏதுமில்லாமல் ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து, காய்ச்சலும் சோர்வும் சேர்ந்தால் இரத்தப் பரிசோதனை அவசியம். இரத்தப் புற்றுநோய் சில சமயம் இப்படித்தான் முகம் காட்டும்.

6. வாய் திறக்கவில்லை: பாக்கின் வேலை

நம் குடும்பங்களுக்கு மிக அருகில் உள்ள விஷயம் இதுதான். 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் ஒரு புதுமையான நோயை விவரித்தார். வாயின் உள்சவ்வு வெளுத்து, விறைத்து, வாய் திறக்க முடியாமல் போயிருந்தது. இன்று அதைச் சவ்வடி நார் இறுக்கம் என்கிறார்கள். காரணம் பாக்கு. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள், சவ்வுக்குக் கீழே நார்களைப் பெருக்கி இறுகச் செய்கிறது.

முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு சவ்வு பளிங்கு போல வெளுக்கும். கன்னத்தில் விரல் வைத்தால் கயிறு போன்ற பட்டைகள் தட்டுப்படும். நாக்கு நீட்ட வராது, விசில் அடிக்க வராது. வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. உங்கள் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நிமிர்த்தி வையுங்கள். மூன்றும் நுழைய வேண்டும். இரண்டுதான் நுழைகிறது என்றால் மருத்துவரிடம் செல்லுங்கள். விறைத்த சவ்வு பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. பாக்கை நிறுத்தினால் மேலும் மோசமாவதைத் தடுக்கலாம். கேரளத்தில் இந்நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1985-ல் வெளியிட்ட ஆய்வில், 17 ஆண்டு காலத்தில் 7.6 விழுக்காட்டினருக்கு அது புற்றுநோயாக மாறியது.

"நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சமாதானம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கையும், பாக்கை மட்டுமேயும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் வைத்துவிட்டது. தமிழ்நாட்டில் குட்காவும் பான்மசாலாவும் 2013-ல் தடை செய்யப்பட்டன. ஆனாலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் கைக்குப் பொட்டலங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. மூக்குப்பொடியைப் பல்லில் தேய்ப்பதும் புகையிலை கலந்த பல்பொடியும் இதே கணக்கில் சேரும்.

ஒரு வேண்டுகோள். நிக்காஹ் வீட்டில் பிரியாணிக்குப் பின் பீடாவும் பாக்குப் பொட்டலமும் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். சோம்பும் பேரீச்சம்பழமும் போதும். பாக்கை முதன்முதலில் நம் பிள்ளைகள் ருசிப்பது பெரும்பாலும் இந்த விருந்துகளில்தான். வெற்றிலைப் பெட்டியும் பாக்குவெட்டியுமாகப் பல்லாண்டு பழகிய உம்மம்மாவிடம் சண்டை போட்டுப் பயனில்லை. முதலில் புகையிலையை நிறுத்தச் சொல்லி, பாக்கைக் குறைத்து, தூங்கும்போது வாயில் அடக்குவதை விடச் சொல்லி, மாதாமாதம் வாயைப் பார்த்துவாருங்கள்.

புற்றுநோயின் அடையாளங்கள்

மேல்நாடுகளில் வாய்ப்புற்றுநோய் நாக்கிலும் நாக்கடியிலும் அதிகம். நம் நாட்டில் கன்னத்திலும் ஈறோரப் பள்ளத்திலும் அதிகம். காரணம் நாம் அங்கே எதை அடக்குகிறோம் என்பதுதான். கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

• இரண்டு வாரத்தில் ஆறாத புண். ஓரம் தடித்து மேலே எழும்பியது. தொட்டால் அடியில் கெட்டியாக இருப்பது
• துடைத்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு
• காரணமின்றி இரத்தம் கசிதல்
• நோயில்லாத பல் திடீரென ஆடுதல். பல் பிடுங்கிய குழி ஆறாமை
• உதடு, நாக்கு மரத்துப்போதல்
• விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், ஒருபக்கக் காதுவலி
• கழுத்தில் வலியற்ற, கெட்டியான கட்டி

இதில் வலி என்பதை நான் முதலில் எழுதவில்லை. ஆரம்பத்தில் வலி இருக்காது. உயிரை வாங்கும் புண் பேசாமல் இருக்கும், ஒரு வாரத்தில் ஆறிவிடும் புண்தான் உயிர்போக வலிக்கும். இந்த வித்தியாசம் தெரியாததால்தான் நம் மனுக்கள் தாமதமாக வருகின்றன.

சும்மா பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர், 1996 முதல் அந்த மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று, வெளிச்சத்தில் வாயைப் பார்த்து, சந்தேகமானவர்களை அனுப்பிவைத்தார்கள். 2005-ல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. கருவி ஏதுமில்லை. கண்ணும் வெளிச்சமும்தான்.

சதை எடுத்துப் பார்த்தால் பரவுமா?

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பேச்சு நம் தெருக்களில் பலரைக் கெடுத்திருக்கிறது. இது உண்மையல்ல. பயாப்சி என்பது, இடத்தை மரக்கவைக்கும் ஊசி போட்டு, பருப்பளவு சதை எடுத்து, நுண்ணோக்கியில் பார்ப்பது. அரைமணி நேர வேலை. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். என்ன நோய் என்று தெரியாமல் எந்த மருத்துவரும் சரியான சிகிச்சை தர முடியாது. இந்தப் பேச்சை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடும் மாதங்களில்தான் நோய் பரவுகிறது. ஆரம்ப நிலையில் சிறிய அறுவையோடு முடிவது, முற்றிய பிறகு தாடையை எடுப்பது, கதிர்வீச்சு, மருந்து என்று நீண்டுவிடும்.

பரிசோதனைத் தேதி ரமலானில் அமைந்துவிட்டால், பெருநாள் கழியட்டும் என்று தள்ள வேண்டாம். நோயாளிக்கு மார்க்கம் தரும் சலுகைகளைப் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

வீட்டில் செய்யக் கூடாதவை

பல்வலிக்கு ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைப்பது, சுண்ணாம்பு தடவுவது, கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றுவது ஆகியவை சவ்வை வேகவைத்துவிடும். மருந்துக்கடையில் தரும் ஸ்டீராய்டு களிம்பு பூஞ்சைப் புண்ணையும் ஹெர்பிஸ் புண்ணையும் அதிகமாக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் வாய்ப்புண்ணுக்குத் தேன் தடவக் கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி அந்த வயதில் உயிருக்கே ஆபத்தாகலாம். பெரியவர்கள் தேனும் கருஞ்சீரகமும் சாப்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. நோய்க்கு மருத்துவம் தேடுவதும் நம் மார்க்கம் காட்டிய வழிதானே.

எங்கே போவது?

முதலில் அருகிலுள்ள பல் மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலோ காட்டுங்கள். தேவைப்பட்டால் அவர்களே பல் மருத்துவக் கல்லூரிக்கோ புற்றுநோய் மையத்துக்கோ அனுப்புவார்கள். போகும்போது புண் தொடங்கிய தேதி, சாப்பிடும் மருந்துகளின் சீட்டு, சர்க்கரை அளவு, என்ன பழக்கம் எத்தனை வருடம் என்ற உண்மை ஆகிய நான்கையும் கொண்டுபோங்கள். புண்ணைக் கைபேசியில் படமெடுத்து வைத்தால் வளர்கிறதா, சுருங்குகிறதா என்பது தெரியும். பெண்கள் பெண் மருத்துவரிடம்தான் காட்டுவேன் என்றால் அதற்கும் வழி உண்டு. பல் மருத்துவத்தில் இன்று பெண் மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவி கிடைக்கும். அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றுடன் இப்போதே பதிவு செய்துவையுங்கள். நோய் வந்த பிறகு அலைவது பெரும் சிரமம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணிலும், புகையிலையை விட 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பேசலாம். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தால் எழுதித் தருகிறோம்.

இதைப் படித்து முடித்ததும் டார்ச்சை எடுத்து, வீட்டில் வெற்றிலை போடும் ஒருவரின் வாயை இன்றே பார்த்துவிடுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக.

வஸ்ஸலாம்.

– செயலாளர்